இடைக்காலப் பாணியில் ஆவணப்படச் சித்திரங்கள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சிங்கப்பூரில் வரலாற்று ஆவணப்படங்களுக்குச் சித்திரம் வரைந்து கொடுப்பது என் பிழைப்பு. சமூக மன்றத்தில் பட்டறை நடத்தும்போதும், படப்பிடிப்புக் குழுவோடு காப்பிக்கடையில் உட்கார்ந்திருக்கும்போதும் அதே கேள்விகள்தான் திரும்பத் திரும்ப வருகின்றன. பதில் சொல்லிச் சொல்லி அலுத்துப்போய் இங்கே எழுதி வைக்கிறேன். கேட்டவர்கள் கேட்டபடியே கேள்விகளை விட்டிருக்கிறேன்.

"இடைக்காலப் பாணின்னா என்னக்கா? பழைய படம் மாதிரி வரையறதா?"

எல்லாக் காலத்துக்கும் பொதுவான 'பழைய படம்' என்று ஒன்று கிடையாது. ஐரோப்பிய வரலாற்றில் இடைக்காலம் என்பது சுமார் 500 முதல் 1500 வரை. அந்த ஆயிரம் வருடத்துக்குள் தமிழ்நாட்டில் பல்லவர், சோழர், பாண்டியர் எல்லோரும் வந்து போய்விட்டார்கள். சிங்கப்பூர் இருக்கும் இடத்தில் 14ஆம் நூற்றாண்டில் தெமாசெக் என்ற துறைமுக ஊர் இருந்தது. பாரிஸில் ஒருவர் தோலேட்டில் வரைந்த அதே நூற்றாண்டில் ஜாவாவில் ஒருவர் கல்லில் செதுக்கிக்கொண்டிருந்தார். இருவர் கண்ணும் ஒன்றல்ல. அதனால் 'மெடிவல் ஸ்டைல் வேண்டும்' என்று யார் வந்தாலும் எந்த ஊர், எந்த நூற்றாண்டு, யார் கை என்று மூன்றையும் கேட்டுவிட்டுத்தான் பென்சிலை எடுப்பேன்.

பொதுவாகச் சொல்லக்கூடியவை சில உண்டு. தண்டவாளம் தூரத்தில் ஒரு புள்ளியில் போய்ச் சேர்வது போன்ற தூரக்கணக்கு இவற்றில் இருக்காது. அது 15ஆம் நூற்றாண்டு இத்தாலியில் வகுக்கப்பட்டது. ஆல்பெர்ட்டி அதை எழுதி வைத்தது 1435இல். அதற்கு முன்பு அரசர் பெரிதாக இருப்பார், பக்கத்தில் நிற்கும் சேவகர் அவர் இடுப்பளவுதான் இருப்பார். வீட்டுக்குள் நடப்பதைக் காட்ட வேண்டுமென்றால் முன்சுவரை எடுத்துவிடுவார்கள். ஒரே ஆள் ஒரே படத்தில் மூன்று இடத்தில் வருவார்.

"ஒரே ஆள் மூணு தடவை வந்தா பார்க்கிறவங்க குழம்ப மாட்டாங்களா?"

குழம்புவதில்லை. தஞ்சைப் பெரிய கோயிலில் கருவறையைச் சுற்றியுள்ள உள்சுற்றில் சுந்தரர் கதை இருக்கிறது. ஒரு பக்கம் கல்யாண வீடு, கிழவர் அடிமை ஓலையை நீட்டுகிறார். மேலே அதே சுந்தரர் வெள்ளை யானையில் கைலாயம் போகிறார், சேரமான் பெருமாள் குதிரையில் கூடப் போகிறார். ஒரு சுவரில் ஒரு வாழ்க்கை முழுதும்.

ஆவணப்படத்துக்கு இது வரப்பிரசாதம். கேமரா படத்தின்மேல் நகர நகரக் கதையும் நகரும், வெட்டு தேவையில்லை. மலாய் அரசர்களின் பழங்கதை நூலான செஜாரா மெலாயுவில் ராஜ சூழன் கதை வருகிறது. சீனாவைப் பிடிக்கக் கிளம்பிய அந்த அரசன் தெமாசெக் வரை வந்துவிட்டான் என்று கேள்விப்பட்டுச் சீனர்கள் ஒரு கப்பலை அனுப்புகிறார்கள். அதில் பல்லுப்போன கிழவர்களும், காய்த்த மரங்களும், துருப்பிடித்த ஊசிகளும். 'கிளம்பும்போது நாங்கள் பன்னிரண்டு வயதுப் பையன்கள். இந்த மரங்களை விதையாக நட்டோம். இந்த ஊசிகள் கை தண்டிக்கு இரும்புக் கம்பிகளாக இருந்தன' என்கிறார்கள் கிழவர்கள். அவ்வளவு தூரமா என்று அரசன் திரும்பிப் போய்விடுகிறான். இதை நான் நீளப் பட்டையாக வரைந்தேன். ஒரே கப்பல் மூன்று முறை வரும். முதலில் பையன்களும் தடிமனான கம்பியும், நடுவில் மீசைக்காரர்களும் இடுப்பளவு மரமும், கடைசியில் கிழவர்களும் ஊசியும். கேமரா இடமிருந்து வலம் நகர்ந்தால் போதும், விவரணையே தேவைப்படவில்லை.

"தஞ்சாவூர் ஓவியம் ஸ்டைல்ல போட்டா சோழர் காலம் ஆயிடும்ல?"

ஆகாது. அதிகம் கேட்கப்படும் கேள்வி இதுதான், அதிகம் நடக்கும் தவறும் இதுதான். தங்கரேக்கு ஒட்டி, கல் பதித்து, கொழுகொழு கிருஷ்ணரோடு கூடத்தில் மாட்டுகிறோமே, அந்தத் தஞ்சாவூர் ஓவியம் செழித்தது மராட்டியர் ஆட்சியில். ராஜராஜனுக்கும் அதற்கும் பல நூற்றாண்டு தூரம்.

உண்மையான சோழர் ஓவியம் மேலே சொன்ன உள்சுற்றில் நாயக்கர் கால ஓவியத்துக்கு அடியில் மறைந்து கிடந்தது. 1931இல் எஸ்.கே.கோவிந்தசாமி அதைக் கண்டுபிடித்தார். அதில் புடைத்த தங்கம் கிடையாது. காவி, மங்கிய சிவப்பு, பச்சை, அப்புறம் உயிருள்ள ஒரு கோடு. நான் வரைவதற்கு முன் அந்தக் கோட்டை மட்டும் ஒரு வாரம் பழகினேன். மூக்கிலிருந்து உதட்டுக்கு இறங்கும் இடத்தில் தூரிகை ஒரு நொடி அழுந்தி மீண்டும் மெலிகிறது. அந்த அழுத்தம் வராவிட்டால் முகம் காலண்டர் முகமாகிவிடும். கோயிலின் அந்தப் பகுதிக்குள் நினைத்தவுடன் போக முடியாது என்பதால் விக்டோரியா ஸ்திரீட் தேசிய நூலகத்தில் பெரிய படப் புத்தகங்களைப் பாருங்கள். ஆடை, ஆயுதம், பல்லக்கு இவற்றுக்குத் தாராசுரம் கோயிலின் சிறுசிறு பெரியபுராணச் சிற்பங்கள் புதையல். 12ஆம் நூற்றாண்டு அன்றாட வாழ்க்கை அப்படியே கல்லில் நிற்கிறது.

"ஐரோப்பா படம்னா வெல்லத்துலதான் வரையணுமாமே?"

நம் வெல்லம் இல்லை! கன்றுத்தோலைச் சுண்ணாம்பு நீரில் ஊற வைத்து, சட்டத்தில் இழுத்துக் கட்டி, சுரண்டி எடுக்கும் தோலேட்டின் ஆங்கிலப் பெயர் அப்படி ஒலிக்கிறது. பட்டறையில் ஒவ்வொரு முறையும் சிரிப்பு வரும்.

தேவையில்லை. நம் ஊர் ஈரப்பதத்தில் தோலேடு அப்பளம் மாதிரி நெளியும். அழுத்தி வழவழப்பாக்கிய பருத்தித் தாள் போதும், திரையில் வித்தியாசம் தெரியாது. ஆனால் ஒரு துண்டாவது வாங்கித் தொட்டுப் பாருங்கள். முடி இருந்த பக்கம் சற்று மஞ்சள், சதைப் பக்கம் வெளுப்பு. இது தெரிந்தவர் தாளுக்குச் சாயம் பூசும் விதமே வேறு.

"மை, கலர் எல்லாம் அந்தக் காலத்து மாதிரியே செய்யணுமா?"

மையை மட்டும் ஒரு முறையாவது செய்து பாருங்கள். கஷ்டமில்லை, சாமான்கள் லிட்டில் இந்தியாவில், தேக்காவிலேயே கிடைக்கும். ஐரோப்பியர் பல நூற்றாண்டுகள் எழுதிய கறுப்பு மை ஓக் மரத்துக் காயிலிருந்து வந்தது. குளவி முட்டையிட்டதால் மரத்தில் வீங்கும் கழலை அது. நாட்டு மருந்துக் கடையில் அதற்குப் பெயர் மாசிக்காய். குழந்தை நாக்கில் உரசிப் போடுவார்களே, அதேதான். மலாய்க்காரர்கள் மஞ்சகானி என்பார்கள். அதை இடித்து ஊற வைத்து, அன்னபேதி உப்பும் வேலம்பிசினும் சேர்த்தால் மை தயார். எழுதும்போது வெளிர்ச் சாம்பலாக இருக்கும். காற்றுப் பட்டுக் கண்ணெதிரே கறுக்கும். அந்தக் கறுப்பைக் கேமராவில் பிடித்தால் அதுவே ஒரு காட்சி.

வண்ணங்களில் ஆசை வேண்டாம். சாதிலிங்கம் பாதரசம், அரிதாரம் ஆர்செனிக், சிவப்பு ஈயம் பெயரிலேயே இருக்கிறது. (கூத்துக்காரர் முகத்தில் பூசிய மஞ்சள்தான் 'அரிதாரம் பூசுதல்' என்ற சொல்லையே தந்தது. அந்தக் காலத்து நடிகர்களை நினைத்தால் பாவமாக இருக்கிறது.) பிள்ளைகள் இருக்கும் வீவக அடுக்குமாடி வீட்டில் இவற்றுக்கு இடமில்லை. அதே நிறத்தில் பாதுகாப்பான வண்ணம் குழாயில் கிடைக்கிறது. நீலத்தை மட்டும் அளவோடு போடுங்கள். நல்ல நீலம் ஆப்கானிஸ்தானின் பதக்ஷான் மலையிலிருந்து வந்த லாப்பிஸ் லாசுலி கல்லை அரைத்துச் செய்தது. கன்னி மரியாள் மேலாடைக்கு அதைப் பூசுவார்கள், மாட்டுத் தொழுவத்துக்குப் பூச மாட்டார்கள்.

"தங்கம் போட்டேன், ஸ்கேன் பண்ணினா கறுப்பா வருது. ஏன்?"

ஸ்கேனரின் விளக்கு அடிக்கும் கோணத்தில் தங்கரேக்கு ஒளியை வேறு பக்கம் எறிந்துவிடுகிறது. கண்ணாடியை ஸ்கேன் செய்த மாதிரிதான். எல்லோருக்கும் இது நடக்கும், ரேக்கில் குறையில்லை.

என் வழி இது. தங்கம் வரும் இடத்தைக் காலியாக விட்டுப் படத்தை ஸ்கேன் செய்வேன். இன்னொரு தாளில் அதே வடிவத்துக்குச் சுண்ணப் பசை மேடு கட்டி, ரேக்கு ஒட்டி, வழவழப்பான கல்லால் தேய்ப்பேன். ரேக்கு பிடிக்க மேட்டின்மேல் வாயால் ஊதி ஈரமாக்க வேண்டும் என்று பாடம் சொல்கிறது. மழை நாளில் என் வீட்டில் ஊதத் தேவையே இருந்ததில்லை. அப்புறம் சாப்பாட்டு மேசையில் கேமராவை மேலிருந்து பூட்டி, அறை விளக்கை அணைத்து, ஒரு சின்ன விளக்கைக் கையில் பிடித்து இடமிருந்து வலமாக மெதுவாக நகர்த்துவேன். முதலில் மேட்டின் விளிம்பில் ஒரு மயிரிழை பற்றும், பிறகு வட்டம் முழுதும் வழியும், பிறகு அணையும். பத்து விநாடி. இதைப் படத்தின்மேல் தனி அடுக்காக வைத்தால் மெழுகுவத்தி வெளிச்சத்தில் ஏட்டைத் திருப்பிப் பார்ப்பது போலவே இருக்கும். கணினியில் பூசும் மஞ்சள் தங்கத்துக்கு இந்தச் சாவும் பிறப்பும் கிடையாது.

"எவ்வளவு பெரிசா வரையணும்?"

ஏ3 தாள், 600 டிபிஐ. அகலத்தில் சுமார் 9,900 புள்ளிகள் கிடைக்கும். 4கே திரைக்கு 3,840 போதும் என்பதால் கேமரா இரண்டரை மடங்கு உள்ளே போனாலும் படம் உடையாது. தாளில் 16:9 சட்டம் போட்டுக்கொண்டு, எழுத்து வரும் கீழ்ப்பகுதியை முகம், கை எதுவும் இல்லாமல் விடுங்கள். மனிதர், விலங்கு, பின்னணி மூன்றையும் தனித்தனித் தாளில் வரைந்தால் அசைவு தருபவர் உங்களைக் கும்பிடுவார். ரொம்ப நெருக்கமான கோட்டு நிழல் வேண்டாம். கேமரா நகரும்போது அது மினுமினுத்துக் கண்ணை உறுத்தும்.

"பழசா தெரியணும், செபியா போட்டுக் கிழிச்சு விடுங்களேன்?"

மூடிய புத்தகத்துக்குள் வெளிச்சம் படாமல் இருந்த ஓவியங்கள் இன்றும் பளிச்சென்று இருக்கின்றன. வரைந்த அன்று அவை எல்லாமே பளிச்தான். கதை 1300இல் நடக்கிறது என்றால் படம் அன்றைக்குப் புதுசு. பழுப்பு நம் காலத்துப் பழக்கம், புகைப்படத்திலிருந்து வந்தது. நான் கிழித்துக் கொடுப்பதில்லை.

"தெமாசெக்கை எந்தப் பாணியில வரையறது? அந்தக் காலத்து ஓவியம் ஏதாவது இருக்கா?"

தெமாசெக்கிலிருந்து ஓவியம் எதுவும் நமக்கு வந்து சேரவில்லை. பொருள்கள்தான் வந்தன. 1928இல் ஃபோர்ட் கேனிங் குன்றில் தோண்டும்போது கிடைத்த தங்க நகைகள் தேசிய அரும்பொருளகத்தில் இருக்கின்றன. கைவங்கியில் காலமுகம் என்ற பூத முகம் இருக்கும், கிழக்கு ஜாவாப் பாணி. 1998இல் எம்பிரஸ் பிளேஸில் தலையில்லாத குதிரைவீரன் ஈயச் சிலை கிடைத்தது. ஆற்று முகத்துவாரத்தில் இருந்த கல்வெட்டுப் பாறையை 1843இல் வெடி வைத்துத் தகர்த்தார்கள். மிஞ்சிய துண்டில் இருப்பதை இன்னும் முழுதாக யாரும் படிக்கவில்லை.

அதனால் நான் அக்கம்பக்கத்தைப் பார்க்கிறேன். ஜாவாவின் பனத்தாரான் கோயிலில் 14ஆம் நூற்றாண்டுச் சிற்பங்கள் நிழற்கூத்துப் பொம்மை போலப் பக்கவாட்டில், தட்டையாக நிற்கின்றன. உருவங்களுக்கு அந்தச் சாயலை எடுத்துக்கொள்வேன். உடைக்குச் சீனப் பயணி வாங் தாயுவான் 1349இல் எழுதிய குறிப்பு இருக்கிறது. பான்சூ (தெமாசெக்கின் குன்றுப் பக்கக் குடியிருப்பு) மக்கள் முடியைக் குட்டையாக வைத்து, தங்கச் சரிகைத் தலைப்பாகை கட்டி, சிவப்புத் துணி உடுத்தியதாகச் சொல்கிறார். இப்படி வரைந்ததை 'தெமாசெக் பாணி' என்று சொல்லிக்கொள்ளக் கூடாது. ஜாவாக் கண்ணால் தெமாசெக்கைப் பார்க்கிறோம், அவ்வளவுதான்.

"நீல உத்தமன் பார்த்த சிங்கத்தை எப்படிப் போடுவீங்க? சிங்கமே இங்க இல்லையே!"

தெமாசெக்கில் ஒரு விலங்கைப் பார்த்துச் சிங்கம் என்று நம்பி, ஊருக்குச் சிங்கப்பூர் என்று பெயர் வைத்ததாகக் கதை சொல்லும் இளவரசன்தான் நீல உத்தமன். சிங்கம் காட்டில் இல்லை, கதையில் இருக்கிறது. கதையைச் சொல்லும்போது கதை என்ன சொல்கிறதோ அதை வரைய வேண்டும். செஜாரா மெலாயு சொல்லும் விலங்குக்கு உடல் சிவப்பு, தலை கறுப்பு, நெஞ்சு வெள்ளை. கிடாவைவிடக் கொஞ்சம் பெரிசு. பிடரி பறக்கும் ஆப்பிரிக்கச் சிங்கம் அதில் எங்கும் இல்லை. அப்படியே வரைந்து கொடுத்தபோது 'இது என்ன நாயா?' என்று படத்தொகுப்பு அறையில் கேட்டார்கள். மூலத்தைப் படித்துக் காட்டினேன். படம் அப்படியே போனது.

"ராஜேந்திர சோழன் கப்பற்படை சிங்கப்பூர் ஆத்துல இறங்குற மாதிரி ஒரு படம் வேணும், மாஸா இருக்கும்!"

இருக்கும்தான். ஆனால் 1025 படையெடுப்பைச் சொல்லும் தஞ்சைக் கல்வெட்டுப் பட்டியலில் ஸ்ரீவிஜயம், பண்ணை, மலையூர், நக்கவாரம், கடாரம் எல்லாம் வருகின்றன, தெமாசெக் என்ற பெயர் வரவில்லை. கடாரத்தில் இறங்கட்டும், வரைகிறேன். ராஜ சூழன் கதையில் சோழர் நினைவு இருக்கலாம். அதைக் கதையாகவே, மேலே சொன்ன பட்டைப் படம் போல வரையலாம். நம்மவர் பெருமைக்காக ஒரு படை இறக்கிவிட்டால் அடுத்த தலைமுறை அதையே சான்றாகக் காட்டும்.

கப்பலும் தலைவலிதான். மூன்றடுக்கு ஐரோப்பியக் கப்பலில் புலிக்கொடி ஏற்றிய படங்கள்தான் எங்கும் சுற்றுகின்றன. ஜாவாவின் போரோபுதூர்க் கோயிலில் பக்கமிதவை கட்டிய கப்பல்கள் செதுக்கப்பட்டிருக்கின்றன. இந்தோனேசியாவின் பெலித்தோங் தீவருகே மூழ்கிய 9ஆம் நூற்றாண்டுக் கப்பலின் சரக்கு நம் ஆசிய நாகரிக அரும்பொருளகத்தில் இருக்கிறது. அந்தக் கப்பலைப் பார்த்துச் செய்த 'மஸ்கட்டின் மாணிக்கம்' 2010இல் ஓமானிலிருந்து இங்கே பாய்விரித்தே வந்தது. பலகைகளை ஆணி இல்லாமல் தென்னங்கயிற்றால் தைத்திருந்தார்கள். இந்தியப் பெருங்கடலில் தைத்த கப்பல் பழக்கமான ஒன்று. ஆணிக்குப் பதில் தையலை வரையுங்கள், படம் உடனே அந்தக் காலத்துக்குப் போய்விடும்.

"கல்வெட்டு, செப்பேடு காட்டும்போது தமிழ் எழுத்து எந்த ஃபான்ட்?"

எந்த ஃபான்டும் வேண்டாம், கையால் எழுதுங்கள். சோழர் காலக் கல்வெட்டுகளில் பெரும்பாலும் புள்ளி இருக்காது, சொல்லுக்கிடையே இடைவெளி இருக்காது, எகர ஏகார வேறுபாடு தெரியாது. ஸ்ரீ போன்ற வடசொற்கள் கிரந்தத்தில் வரும். நானே முதல் வேலையில் செப்பேட்டில் அழகாகப் புள்ளி வைத்துத் தொலைத்தேன். ஒளிபரப்பான மறுநாள் ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர் என் எண்ணைத் தேடிப் பிடித்து அழைத்தார். 'அம்மா, புள்ளி விஷயம்...' என்று ஆரம்பித்து அரை மணி நேரம்.

"வேற என்னென்ன தப்பு வரும்?"

செடிகொடியில்தான் அதிகம் மாட்டுவோம். மிளகாய், தக்காளி, அன்னாசி, பப்பாளி எல்லாம் அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்தவை, 1500க்கு முன் இந்தப் பக்கம் கிடையாது. காகிதப்பூவும் அப்படியே. கோயில் என்றாலே எல்லோரும் வரையும் ஈழத்தலரியும் அங்கிருந்து வந்ததுதான். பட்டறையில் ஒரு பெண் தெமாசெக் சந்தையை அருமையாக வரைந்திருந்தார். நடுவில் குடை விரித்த பெரிய மரம், தினமும் விரைவுச்சாலையோரம் பார்க்கும் தூங்குமூஞ்சி மரம். அதுவும் அமெரிக்க வரவு, 19ஆம் நூற்றாண்டில் வந்தது. ஆலமரமாக மாற்றச் சொன்னேன். விழுது தொங்கியதும் சந்தைக்கு இன்னும் நல்ல கூரையாகிவிட்டது.

"ஓரத்துல நத்தையோட சண்டை போடுற வீரன் எல்லாம் வரையலாமா?"

ஐரோப்பிய ஏடு என்றால் தாராளமாக. 13, 14ஆம் நூற்றாண்டு ஏடுகளின் ஓரங்களில் நிஜமாகவே வரும். ஏன் வரைந்தார்கள் என்று அறிஞர்கள் இன்னும் சண்டை போடுகிறார்கள். சோழர் படத்தில் வேண்டாம்.

"இவ்வளவு எதுக்கு, ஏஐயில ஒரு நிமிஷத்துல வந்துடுமே?"

வரும். 12ஆம் நூற்றாண்டு முகத்தில் 15ஆம் நூற்றாண்டுத் தொப்பியும், எந்த மொழியிலும் இல்லாத எழுத்தும், மேலே சொன்ன 'தஞ்சாவூர் ஓவியம்' தவறும் சேர்ந்தே வரும். பார்வைக்குப் பழசாக இருக்கும், அதுதான் ஆபத்து. காட்சி எப்படி அமையும் என்று தயாரிப்பாளருக்குக் காட்டும் முன்வரைவுக்கு நானும் பயன்படுத்தியிருக்கிறேன். திரைக்குப் போகும் படத்தில் இந்தக் கொண்டை எங்கிருந்து வந்தது என்று யாராவது கேட்டால், இன்ன சிற்பம் என்று கை நீட்ட எனக்கு ஓர் இடம் வேண்டும்.

"அருங்காட்சியகப் படத்தை அப்படியே எடுத்துப் போடலாமா? நான் வரைஞ்சது யாருக்குச் சொந்தம்?"

நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகம் பதிப்புரிமை முடிந்த படைப்புகளின் படங்களை 2017 முதல் கட்டுப்பாடின்றித் திறந்து வைத்திருக்கிறது. லாஸ் ஏஞ்சலிஸின் கெட்டி (Getty) அருங்காட்சியகமும் அப்படி ஒரு தொகுப்பு வைத்திருக்கிறது. மற்ற இடங்களில் ஓவியம் 700 வருடப் பழசாக இருந்தாலும் புகைப்படத்துக்கு நிபந்தனை இருக்கலாம், கேட்டுவிடுங்கள்.

உங்கள் சித்திரம் உங்களுக்கே சொந்தம், ஒப்பந்தம் வேறு மாதிரிச் சொல்லாதவரை. சம்பளத்துக்கு வேலை பார்க்கும் இடத்தில் வேலைக்காக வரைந்தால் அது முதலாளிக்கு. 2021 நவம்பரில் நடப்புக்கு வந்த நம் பதிப்புரிமைச் சட்டம், படைத்தவர் பெயரைக் குறிப்பிட வேண்டும் என்ற உரிமையையும் தந்திருக்கிறது. ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடுமுன் 'எல்லா உரிமையும்' என்ற வரியைத் தேடிப் பாருங்கள். என் முதல் ஒப்பந்தத்தில் நான் தேடவில்லை.

"உங்க படம் எல்லாத்துலயும் மூலையில ஒரு மைனா இருக்கே, ராசியா?"

சில வருடங்களுக்கு முன் நான் வரைந்த ஒரு சோழர் சபைப் படம் வாட்ஸ்அப்பில் எனக்கே வந்தது. 'ஆயிரம் ஆண்டு பழைமையான உண்மையான ஓவியம், தமிழனாக இருந்தால் பகிரவும்' என்று போட்டிருந்தார்கள். அனுப்பியவர் என் சித்தப்பா. நான் வரைந்தது என்று சொன்னால், 'உனக்கு முன்னாடியே எவனோ வரைஞ்சிருக்கான் பாரு' என்கிறார்.

அதிலிருந்து இரண்டு வேலை செய்கிறேன். படம் திரையில் வரும்போது 'கற்பனைச் சித்திரம்' என்ற எழுத்து கூடவே வர வேண்டும் என்று ஒப்பந்தத்தில் எழுதிக்கொள்கிறேன். எழுத்தை வெட்டிவிடுவார்கள் என்பதால் படத்துக்குள்ளேயே, வெட்டினால் காட்சி கெடும் இடத்தில், ஒரு ஜாவா மைனாவை உட்கார வைக்கிறேன். காப்பிக்கடை மேசையில் நம் ரொட்டியைத் திருடும் அதே பறவை. சிங்கப்பூருக்கு அது வந்ததே 20ஆம் நூற்றாண்டில்தான். சித்தப்பாவுக்கு அடுத்த படத்தை அனுப்பி மைனாவைக் காட்டினேன். ரொம்ப நேரம் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு, 'அப்பவே மைனா இருந்திருக்கு பாரு' என்று பதில் போட்டார்.